ஐந்து மணிச் சூரியனும் மடிப்புத் திரையும்

மே மாதக் கடைசியில் போர்ட் பிளேரில் சூரியன் காலை ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. மாலை ஐந்தே முக்காலுக்குள் கடையைக் கட்டிவிடுகிறது. குறை சூரியனிடம் இல்லை, சுவர்க் கடிகாரத்திடம் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. போர்ட் பிளேரோ 92.7 டிகிரியில், வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகும். எனவே அந்தமான் சூரியன் இந்தியக் கடிகாரத்தை விட 41 நிமிடம் முந்தி ஓடுகிறது. சென்னைச் சூரியனை விட 50 நிமிடம். உச்சி வெயில் என்பது அங்கே பதினொன்றேகால் மணிச் சமாச்சாரம். அரசு ஊரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று 2024-ல் மாற்றியது, நேரத்தை மாற்றவில்லை. பள்ளியும் அலுவலகமும் டெல்லிக் கணக்கில் நடக்க, கிழக்குப் பார்த்த படுக்கையறையில் தூங்குகிறவருக்கு மட்டும் விடியல் தனிக் கணக்கில் வருகிறது.

அதனால் அந்தத் தீவில் ஜன்னல் திரை என்பது அலங்காரத்துக்கு முன்னால் வானியல். அதற்கு அடுத்தபடி ஈரத்தின் இயற்பியல். கைபேசியில் உள்ளலங்காரப் படங்களைப் புரட்டிவிட்டு "ரோமன் பிளைண்ட் போட்டுவிடலாம், எந்த மாடல் நல்லா இருக்கும்?" என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளில் எடுத்தவை. அங்கே திரையின் வேலை வேறு.

முதலில் அது என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். சாதாரணத் திரைச்சீலை பக்கவாட்டில் ஒதுங்கும். ரோமன் திரை மேலே ஏறும். ஒற்றைத் துண்டுத் துணி. அதன் பின்புறம் குறுக்கே, ஏறக்குறைய பத்து அங்குலத்துக்கு ஒன்றாக, தைத்த பட்டிகளுக்குள் மெல்லிய குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் மேலும் சிறு வளையங்கள். அடிக் குச்சியில் முடிச்சிட்ட கயிறு இந்த வளையங்கள் வழியாக நேரே மேலேறி, தலைக்கட்டையைத் தாண்டி ஓரமாக இறங்குகிறது. கயிற்றை இழுத்தால் அடிக் குச்சி எழும்பி அடுத்த குச்சியைத் தொடும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதைத் தொடும். குச்சிகளின் இடைவெளி சமமாக இருப்பதால் மடிப்புகளும் தாமாகவே சமமாக விழுகின்றன. யாரும் கையால் மடிப்பதில்லை.

இந்த வளைய வித்தையை ரோமானியர்கள் வீட்டு ஜன்னலை விடப் பெரிய இடத்தில் செய்துகாட்டினார்கள், கப்பலில். அவர்களுடைய சதுரப் பாயின் முகப்பில் வரிசை வரிசையாக வளையங்கள் தைத்திருக்கும். அவற்றினூடே ஓடும் கயிறுகள் பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பத்தைத் தாண்டித் தளத்துக்கு இறங்கும். காற்று கூடினால் மாலுமி கீழே நின்றபடி கயிற்றை இழுப்பான். பாய் மடிந்து மேலே ஏறும். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான பெரனிகேயிலும் குசேர் அல் கதிமிலும் இந்தப் பாய் வளையங்களைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள், மரத்தில் செய்ததும் கொம்பில் செய்ததுமாக. கூடவே பருத்திப் பாயின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றை இந்தியப் பருத்தி என்று துணி ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்ததும் இதே இரண்டு ஊர்களில்தான். மிளகு ஏற்றிப் போன கப்பல்களில் நம் பக்கத்துத் துணி, இன்றைய ரோமன் திரை ஏறி இறங்கும் அதே முறையில் ஏறி இறங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஜன்னல் திரை அந்தப் பாயிலிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. பொறி ஒன்றேதான்.

இனி நான்கு சுவர்கள்.

போர்ட் பிளேரின் அட்சரேகை 11.7 டிகிரி வடக்கு. சூரியன் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், ஊரின் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரு தேதிகளுக்கும் இடைப்பட்ட நான்கு மாதம் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது இங்கே செல்லாது. ஆனால் அந்த வடக்கு வெயிலைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஜூன் 21 நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 78 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். நான்கடி உயர ஜன்னலை அந்த வெயிலிலிருந்து முழுதாக மறைக்கப் பத்து அங்குலச் சன்ஷேடு போதும். தெற்குச் சுவருக்குச் சோதனை டிசம்பரில். அப்போது நண்பகல் சூரியன் 55 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதே ஜன்னலுக்கு 2.8 அடி நீட்டம் தேவை. வழக்கமான இரண்டடிச் சன்ஷேடு முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மறைத்துவிடும். மிச்சத்துக்கு ஒரு மெல்லிய துணி போதும். ஆக வடக்கிலும் தெற்கிலும் திரையின் வேலையில் பெரும்பகுதியைக் கொத்தனார் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்.

கிழக்கில் கொத்தனார் தோற்றுப்போவார். மார்ச் 21 காலை ஆறரை மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 16 டிகிரி மேலே இருக்கும். கதிர்கள் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் வரும். அதே நான்கடி ஜன்னலை நிழலாக்க எவ்வளவு நீளச் சன்ஷேடு வேண்டும் என்று கணக்குப் போட்டால் 14 அடி என்று வருகிறது. அது சன்ஷேடு இல்லை, இன்னொரு அறை. கட்டிட வடிவத்தால் தீர்க்க முடியாத இந்தத் தாழ்ந்த வெயிலுக்குத்தான் ஜன்னலின் முகத்திலேயே செங்குத்தாக நிற்கும் மறைப்பு தேவைப்படுகிறது. தீவில் ரோமன் திரைக்குச் செலவு செய்ய ஒரே ஒரு ஜன்னலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கிழக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

மேற்கின் கதை கொஞ்சம் வேறு. கணக்குப்படி அதுவும் கிழக்கைப் போலத் தாழ்ந்த வெயில் வாங்கும் சுவர்தான். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வானத்தை மூடிவிடுகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேற்கு ஜன்னலுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வெயில் பிரச்சினை, அந்தப் பருவக்காற்று வீசும் நாளெல்லாம் சாரல் பிரச்சினை. அக்டோபரில் வடகிழக்குக் காற்று திரும்பியதும் சாரல் கிழக்குச் சுவருக்கு இடம் மாறும். நனையும் என்று தெரிந்தே துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஜன்னல்கள் இவை.

வெயிலைத் தடுப்பது என்றால் என்ன தடுக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தெளிந்த காலையில் கிழக்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் அளவுக்கு வெயில் விழும். நாலுக்கு ஐந்தடி ஜன்னல் ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர். சாதாரண மெல்லிய கண்ணாடி அந்த வெப்பத்தில் நூற்றுக்கு 85 பங்கை உள்ளே விட்டுவிடும். மொத்தத்தில் ஒரு கிலோவாட்டுக்குப் பக்கம். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி அறை நடுவில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வதற்குச் சமம். கண்ணாடிக்கு இன்னொரு குணமும் உண்டு. சூரிய ஒளியை உள்ளே விடும்; அந்த ஒளியை வாங்கிச் சூடான தரையும் கட்டிலும் திருப்பி வீசும் நீண்ட அலை வெப்பக் கதிரை வெளியே விடாது. வந்தது வந்ததுதான்.

அறைக்குள் தொங்கும் திரை இந்த நாடகத்தில் தாமதமாக மேடைக்கு வருகிறது. அது தடுக்கும்போது வெயில் ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்டது. திரை அடர்நிறமாக இருந்தால் அந்த ஒளியைக் குடித்துத் தானே சூடாகி அறையைச் சூடாக்கும். வெள்ளையோ வெளிர்நிறமோ ஆனால் கணிசமான பங்கை ஒளியாகவே கண்ணாடி வழியாகத் திருப்பி அனுப்பிவிடும். ஆகையால் அறைப்பக்கம் எந்த நிறமும் இருக்கட்டும், கண்ணாடிப்பக்கத்து லைனிங் வெள்ளையாக இருக்க வேண்டும். இதை விடச் சிறந்தது, மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோவது. வராந்தாவில் தொங்கும் மூங்கில் தட்டி, விலையுயர்ந்த உள்திரையை வெப்ப விஷயத்தில் சுலபமாகத் தோற்கடிக்கும். தட்டி சூடாகட்டும், அந்தச் சூட்டைக் கடற்காற்று கொண்டுபோய்விடும்.

குளிர்நாட்டு ஆலோசனை தலைகீழாகும் இடமும் இதுதான். அங்கே திரையின் இரு ஓரங்களையும் சுவரோடு ஒட்டவைத்து, கண்ணாடிக்கும் துணிக்கும் இடையே காற்றைச் சிறைப்பிடிக்கச் சொல்வார்கள். அசையாத காற்று நல்ல வெப்பத்தடை. தீவில் அந்த இடைவெளிக் காற்றுதான் முதலில் காய்ந்து அடுப்பாவது. எனவே திரையை ஜன்னலிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி மாட்டி, கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து, சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழிவிட வேண்டும். விலைப்பட்டியலில் "வெப்பத்தைக் காக்கும் லைனிங்" என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது நமக்கு எழுதியதில்லை என்று கடந்துபோகலாம்.

திறந்த ஜன்னலைப் பற்றிப் பேசும்போதுதான் ரோமன் திரையின் பெரிய பலவீனம் தெரிகிறது. அது வெயிலை நிறுத்தும்போது காற்றையும் நிறுத்துகிறது.

போர்ட் பிளேரின் வெப்பநிலை பார்வைக்குச் சாது. வருடம் முழுக்க 23-க்கும் 32-க்கும் இடையே ஊசலாடும். வேலூர்க்காரருக்கு அது சிரிப்பு மூட்டும் எண். துன்பம் ஈரப்பதத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் சராசரி 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். உடம்பு தன்னைக் குளிர்விக்க வியர்வையை ஆவியாக்க வேண்டும். ஏற்கெனவே நீராவி நிரம்பிய காற்று அதை வாங்க மறுக்கும். தோலை ஒட்டி நிற்கும் அந்த நிரம்பிய காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக்காற்று வந்துகொண்டே இருந்தால்தான் ஆவியாதல் நடக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லக் காற்று வீசினால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

நம் ஊர்ப் பழைய வித்தையான வெட்டிவேர்த் தட்டி ஏன் தீவில் எடுபடாது என்பதும் இதே கணக்கு. நனைத்த தட்டி வழியாக வரும் காற்று, நீரை ஆவியாக்குவதில் தன் சூட்டைச் செலவழித்துக் குளிர்கிறது. 35 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள உலர்ந்த ஊரில் இப்படி அதிகபட்சம் 22 டிகிரி வரை இறங்க முடியும். 30 டிகிரியும் 80 சதவீதமும் உள்ள இடத்தில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் 27-க்குக் கீழே போகாது. பதின்மூன்று டிகிரி லாபம் எங்கே, மூன்று டிகிரி எங்கே. அந்த மூன்றுக்கும் விலையாக அறையில் ஈரம் இன்னும் ஏறும். மணம் மட்டும் மிஞ்சும்.

நிக்கோபார்த் தீவினர் இந்தச் சிக்கலை ஜன்னலே இல்லாமல் தீர்த்திருந்தார்கள். கார் நிக்கோபாரின் பழைய குடில் வட்டமானது. ஆள் உயரத் தூண்களின் மேல் நிற்கும். தேன்கூடு வடிவில் தடித்த புல் வேய்ந்திருக்கும். ஏணி வைத்துத் தரையில் உள்ள திறப்பு வழியாக உள்ளே ஏற வேண்டும். வெயில் நுழையச் சுவரில் ஓட்டையே கிடையாது. காற்று தரையின் இடுக்குகள் வழியாகக் கீழிருந்து வரும். ஒளிக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி என்று பிரித்துவிட்ட வடிவமைப்பு அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்த வீடுகளில் மிகப் பலவற்றை அடித்துக்கொண்டு போன பிறகு, தற்காலிகமாகக் கட்டிய தகரக் கொட்டகைகளில் மக்கள் வெந்தார்கள் என்பது அன்றைய செய்திகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒளியையும் காற்றையும் பிரிப்பது என்ற அந்த யோசனையை ரோமன் திரையில் கொண்டுவர ஒரு வழி உண்டு. துணிக்குப் பதில் பின்னல். மூங்கில் ஈர்க்கையோ பிரம்புப் பட்டையையோ நூலால் கோத்த தட்டியை அதே வளையம், அதே கயிறு, அதே மடிப்பு முறையில் தைக்கலாம். கதிர் நேர்க்கோட்டில் வருவது. ஈர்க்கில் மோதி நின்றுவிடும். காற்று வளைந்து நெளிந்து புகும். தீவின் காடுகளில் பிரம்பு விளைகிறது, பிரம்பு நாற்காலி போர்ட் பிளேர் வீடுகளுக்குப் புதிதில்லை. பொருளுக்கோ கைக்கோ பஞ்சமில்லை. மூங்கிலில் ஒரே தொல்லை, அதன் சதையில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் துளைப்பான் வண்டுகள். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடும் பழைய பழக்கம் அந்த மாவைக் கரைத்து வெளியேற்றத்தான். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்றைய முறை. இரவில் விளக்கு போட்டால் பின்னல் திரை வழியாக உள்ளே இருப்பது வெளியே தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு உள்பக்கம் தனியாக ஒரு மெல்லிய துணி தொங்கவிட்டு, வேண்டும்போது மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

துணிதான் வேண்டும் என்பவர்களுக்கு இனி மாடல் கேள்வி.

படப்புத்தகங்களில் ரோமன் திரை பல முகம் காட்டும். தட்டையானது: இறக்கினால் ஒரே சமதளம், ஏற்றினால் மட்டும் மடிப்பு. தளர்ந்தது: அடிக்குச்சி இல்லாமல் அடிப்பக்கம் புன்னகை போல வளைந்து தொங்கும். அருவி மாடல்: இறக்கியிருக்கும்போதும் ஒவ்வொரு குச்சியிலும் துணி தொங்கும் மடிப்பாக நிற்கும்; அதற்கு நீளத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி போகும். பலூன் மாடல்: அடியில் உப்பிய பைகளாகத் தொங்கும். அழகுப் போட்டி வைத்தால் அருவிக்குத்தான் பரிசு கிடைக்கும். தீவில் அதைத்தான் முதலில் தள்ளுவேன். ஏன் என்று சொல்ல உப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகள்களாக ஊருக்குள் மிதந்து வருகின்றன. ஜன்னல் திரைதான் அவற்றின் முதல் வடிகட்டி. சோடியம் குளோரைடுக்கு ஒரு விசித்திரக் குணம்: சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஊரின் சராசரி ஈரப்பதம் 80. அதாவது திரையில் படிந்த உப்பு வருடத்தின் பெரும்பகுதி திடப்பொருளாக இல்லை. மழையில் நனையாத துணியும் தொட்டால் ஈரமாக இருப்பது, இரும்பு ஆணி ஆறே மாதத்தில் துணியில் துருக்கறை இறக்குவது, எல்லாவற்றுக்கும் வேர் இது. வளையம் பிளாஸ்டிக்கோ பித்தளையோ ஆகட்டும். குச்சி கண்ணாடி இழையாகட்டும். திருகாணி துருப்பிடிக்காத எஃகில், அதுவும் 316 என்ற எண் கொண்ட ரகத்தில் கிடைத்தால் நல்லது. அதில் சேர்க்கும் மாலிப்டினம் குளோரைடு அரிப்பைத் தாங்கவே சேர்க்கப்படுகிறது.

அடுத்து பூஞ்சை. காற்றில் எப்போதும் மிதக்கும் அதன் வித்துகளுக்கு முளைக்கத் தேவையானவை ஈரம், உணவு, அசையாத காற்று. எண்பதுக்கு மேல் ஈரப்பதம் நாள்கணக்கில் நிலைத்தால் போதும். உணவு புதுத்துணியின் கஞ்சியிலேயே இருக்கிறது. பருத்தியும் லினனும் தாமே உணவு. அசையாத காற்றைத்தான் மடிப்பு தருகிறது. அருவி மாடலின் ஒவ்வொரு தொங்கலும், பலூனின் ஒவ்வொரு பையும் வெளிச்சமும் காற்றும் எட்டாத குகை. தட்டைத் திரையை இறக்கினால் முழுத் துணியும் காற்றில் விரிகிறது. அருவித் திரையை இறக்கினாலும் குகைகள் அப்படியே இருக்கும். தட்டையை நான் பரிந்துரைப்பதற்கு அழகியல் காரணம் எதுவும் இல்லை.

தட்டையானாலும் நாள் முழுக்க ஏற்றியே வைத்திருந்தால் பயனில்லை. அறுபது அங்குலத் திரை மேலே ஏறினால் எட்டுப் பத்து அங்குல உயரத்துக்கு அடுக்காகக் குவியும். அந்த அடுக்கு ஜன்னலின் உச்சிப் பகுதியை, அதாவது சூடான காற்று வெளியேறும் இடத்தையும் அறையின் உள்ளே வரை ஒளி தரும் இடத்தையும், அடைத்துக்கொள்ளும். தலைக்கட்டையை ஜன்னல் சட்டத்துக்குள் பொருத்தாமல் லிண்டலுக்கு மேலே சுவரில் அடித்தால் அடுக்கு சுவரின் மேல் போய் உட்காரும். கிழக்குப் படுக்கையறைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. சட்டத்துக்குள் மாட்டிய திரையின் இரு ஓரத்திலும் அரை அங்குலமாவது சந்து விழும். காலை வெயில் 50,000 லக்ஸ் அளவில் கண்ணாடியில் விழும்போது அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே 500 லக்ஸ். அது படிக்கும் மேசைக்குப் போதுமான வெளிச்சம். விழித்திரையில் பகலிரவை உடலுக்குச் சொல்லும் தனி உயிரணுக்கள் இருக்கின்றன, நீல ஒளிக்குக் கூர்மையானவை. ஐந்து மணிக்கே அவை வேலையைத் தொடங்காமல் இருக்க வேண்டுமானால் துணி ஜன்னலை விட இருபுறமும் மூன்று அங்குலம் அகலமாக இருப்பது நல்லது.

நூலிழையைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய அளவு உண்டு. 65 சதவீத ஈரப்பதத்தில் இழை தன் உலர் எடையில் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்பதே அது. லினன் 12 சதவீதம், பருத்தி 8.5, அக்ரிலிக் 1.5, பாலியஸ்டர் 0.4. ஈரம் கூடக் கூட முதல் இரண்டும் இன்னும் குடிக்கும், கனக்கும், நீளும். திரையின் அடி ஓரம் மழைக்காலத்தில் கோணுவது அதனால்தான். சாரல் அடிக்கும் மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ என்று கூச்சப்படாமல் முடிவு செய்யலாம். அக்ரிலிக்கில் நூலாகும் முன்பே, கரைசல் நிலையிலேயே சாயம் சேர்த்த ரகம் வெயிலில் எளிதில் வெளுக்காது; கடற்கரைக் கடைகளின் வெளிமறைப்புக்கு உலகெங்கும் அதைத்தான் போடுகிறார்கள். பட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். புறஊதாக் கதிரில் அது நொறுங்கிப்போகும். காஞ்சிபுரத்துப் பழைய புடவையைத் திரையாகத் தைத்துத் தீவுக்கு அனுப்பும் பாசம் யாருக்காவது இருந்தால் உள்சுவரில் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளச் சொல்லலாம்.

குழந்தை இருக்கும் வீட்டில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கயிறு. ரோமன் திரையின் பின்புறம் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கயிறு தளர்வாகத் தொங்குகிறது. எட்டிப் பார்க்கும் குழந்தையின் தலை துணிக்கும் கயிற்றுக்கும் நடுவே நுழைந்துவிட்டால் அது சுருக்காகிவிடும். இப்படி நேர்ந்த உயிரிழப்புகளால் 2009 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்து கோடி ரோமன் திரைகளையும் சுருட்டுத் திரைகளையும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். 2018-ல் வந்த அந்நாட்டுத் தரவிதி, கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் கைக்கு எட்டும் கயிறே இருக்கக் கூடாது என்றது. நம் ஊரில் தையற்காரரிடம் கொடுத்துத் தைக்கும் திரைக்கு எந்த விதியும் வந்து நிற்காது. நாம்தான் நிற்க வேண்டும். பின்கயிறு முழுவதையும் துணி உறைக்குள் ஓடவிடச் சொல்லலாம். இழுகயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கியை ஐந்தடிக்கு மேல் அடிக்கலாம். கட்டிலையும் நாற்காலியையும் அந்த ஜன்னலடியிலிருந்து நகர்த்தலாம்.

கயிறே இல்லாத சுருள்வில் திரை வாங்குகிறவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். சுருட்டுத் திரை இறங்கியிருக்கும்போது முழு எடையும் வில்லில் தொங்கும். ஏற ஏறத் துணி உருளையில் சுற்றிக்கொள்வதால் தொங்கும் எடை குறையும். வில்லும் அப்படியே, கீழே இழுத்தபோது முறுக்கேறி, மேலே போகப் போகத் தளரும். இரண்டும் பொருந்திப்போகின்றன. ரோமன் திரையில் எடை எதிர்த்திசையில் மாறுகிறது. இறங்கியிருக்கும்போது துணியைத் தலைக்கட்டையே தாங்குகிறது, கயிற்றில் அடிக்குச்சியின் கனம் மட்டும்தான். ஏற ஏற ஒவ்வொரு மடிப்பும் கயிற்றின் மேல் வந்து சேர்ந்து, உச்சியில் கிட்டத்தட்ட முழு எடையும் அதில் தொங்கும். வில் களைத்துப்போகும் நேரத்தில் சுமை கூடுகிறது. இதைச் சமாளிக்க, எவ்வளவு நீண்டாலும் விசை மாறாத பட்டைவில்லைப் போட்டு, உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டு எடை பொருத்துகிறார்கள். பருத்தித் திரை மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கனத்தால் அந்தக் கணக்கு தவறும். ஏற்றிவிட்ட திரை ராத்திரியில் தானாக இரண்டு அங்குலம் இறங்கி நின்றால் பேயைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. துணியையும் லைனிங்கையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஓரிரவு நனைத்துக் காயப்போட்ட பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். நனைக்காத பருத்தி முதல் ஈரத்தில் நூற்றுக்கு மூன்று, ஐந்து பங்குகூடச் சுருங்கும். அறுபது அங்குலத்தில் அது மூன்று அங்குலம் வரை. பாலியஸ்டர் லைனிங் சுருங்காது. இரண்டையும் நனைக்காமல் சேர்த்துத் தைத்தால், முதல் மழைக்காலம் முடிவதற்குள் முன்துணி மேலே இழுக்க, பின்துணி அடியில் பையாகத் தொங்கும். தலைப்பக்கத்தைக் கட்டையில் ஆணி அடிக்காமல் வெல்க்ரோ பட்டையால் ஒட்டச் சொல்லுங்கள். குச்சிப் பட்டிகளின் ஒரு முனையைத் தைக்காமல் விடச் சொல்லுங்கள். குச்சிகளை உருவிவிட்டு, திரையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, பிப்ரவரி வெயிலில் கொடியில் போட அப்போதுதான் முடியும்.